சுமக்கும் பாரமும் இழுக்கும் பாரமும்

ஒரு வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதும், எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதும் வெவ்வேறான இரு வினாக்களாகும். முதலாவதன் விடை பெரும்பாலும் இயந்திரத்தின் வலுவைப் பொறுத்தது. இரண்டாவதன் விடையோ வில், அச்சு, சக்கரம், டயர் ஆகியவற்றின் உறுதியைப் பொறுத்தது. வண்டி விற்போர் முதலாம் எண்ணையே பெரிதாக எழுதி வைப்பர். வாங்குவோரும் அதனையே கேட்டு மகிழ்வர். இவ்விரண்டும் ஒன்றேயென எண்ணி நடப்பதனால் நேரும் கேடு சிறிதன்று. சிறப்பாக, இழுக்கப்படும் வண்டி தன் பாரத்தின் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியின்மேற் சாய்த்து வைக்குமிடத்து, இரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அப்பின்னலை மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் நாளும் காணும் பொருள்களைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னார் நகரத் தெருக்களில் இன்றும் உரிமையாளரின்றித் திரியும் கழுதைகளைக் காணாதார் இரார். அராபிய வணிகர் இவற்றை இங்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. பொதி சுமந்த அவ்விலங்குகளின் காலம் கழிந்துவிட்டது. ஆயினும் அவை ஒரு பாடத்தை நமக்கு விட்டுச் சென்றுள்ளன. கழுதையின் முதுகில் ஏற்றத்தக்க பொதியைப்போலப் பன்மடங்கு பாரத்தை, நல்ல தரையிற் சக்கர வண்டியிற் பூட்டினால் அதே கழுதை இழுத்துச் செல்லும். முதுகிலேறும் பாரத்தை எலும்புந் தசையும் முழுவதும் தாங்கவேண்டும்; சக்கரத்தின் மேலுள்ள பாரத்தையோ தரை தாங்குகிறது. விலங்கு வெல்லவேண்டியது உருளலுக்கு எதிரான உராய்வை மாத்திரமே. இவ்வளவும் எளிது. சிக்கல் தொடங்குவது வண்டி இரு சக்கர வண்டியாக இருக்கும்போது.

இரு சக்கர மாட்டு வண்டிலில் ஓரச்சே உண்டு. எனவே பாரம் அச்சின்மேற் சரியாக நிறுத்தப்படாவிடின், எஞ்சிய பகுதி ஏர்க்கால் வழியாக நுகத்துக்குப் போய்ச் சேரும். இதனை நம் வண்டிற்காரர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களில் அடக்கினர். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நுகத்தின்கீழ் அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். கைதேர்ந்த வண்டிற்காரன் பாரமேற்றியபின் ஏர்க்காலைக் கையால் உயர்த்திப் பார்ப்பான். சிறிது முன்பாரம் இருத்தல் வேண்டும். மிகுதியும் ஆகாது, இன்மையும் ஆகாது என்பது அவன் கணக்கு.

அவன் கையால் அறிந்ததை நாம் எண்ணால் அறியலாம். வண்டிலும் சுமையுமாக 800 கிலோ என்றும், அவற்றின் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் 20 சதமமீற்றரில் உள்ளது என்றும், நுகம் அச்சிலிருந்து 3 மீற்றர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். நெம்பின் விதிப்படி 800 ஐ 0.2 ஆற் பெருக்கி 3 ஆல் வகுக்க, நுகத்தில் ஏறுவது ஏறத்தாழ 53 கிலோ. அதே சுமையைப் பின்னே அரை மீற்றர் தள்ளி அடுக்கினால் நுகத்தின் பாரம் எதிர்த்திசைக்கு மாறிவிடும். சுமையில் ஒரு கிலோவும் கூடவில்லை, குறையவில்லை. இடம் மாத்திரமே மாறிற்று. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சு உவமையாக வருவதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அவ்வுவமை அச்சைப் பற்றியது, நுகத்தைப் பற்றியதன்று. அச்சு முறியாத பாரமும் நுகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதே ஈண்டு நாம் மேலதிகமாகக் கொள்ளவேண்டியது.

இனி, இழுக்கும் வண்டியின்மேல் எத்துணைப் பங்கு சாய்கின்றது என்பதைக்கொண்டு இழுவை வண்டிகளை வகுத்து நோக்கலாம். 1914 இல் தலைமன்னார் வரை திறக்கப்பட்டு, 1990 இல் நின்று, 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தின் பெட்டிகள் தம் பாரம் முழுவதையும் தம் சக்கரங்களிலேயே வைத்துள்ளன. இயந்திரத்தின்மேல் அவை சாய்ப்பது யாதுமில்லை. ஆகவே அங்கு இழுவையைப் பற்றிய வினா ஒன்றே போதும். உழவு இயந்திரத்தின் பின்னே செல்லும் ஓரச்சுப் பெட்டியும், படகேற்றும் இழுவையும் தம் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையிலான பங்கைக் கொளுக்கியில் வைத்தல் முறை. மூன்றாவது வகை ஐந்தாம் சக்கரம் எனப்படும் இணைப்பைக் கொண்டது. பிக்கப் வண்டியொன்று இவ்விணைப்பால் இழுவையை இழுக்குமிடத்து நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரை அதன் முதுகில் ஏறும். கொள்கலன் ஏற்றும் பெருவண்டிகளிலோ இதனினும் மிகும்.

ஐந்தாம் சக்கரம் என்னும் பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன்னச்சு இருபுறமும் திரும்புதற்பொருட்டு, அச்சுக்கும் வண்டியுடலுக்கும் இடையே கிடையாக வைத்த வளையமே அப்பெயர் பெற்றது. இன்று அது கொழுப்புப் பூசிய ஒரு தட்டு. இழுவையின் முன்னடியிலிருந்து கீழ்நோக்கி நீளும் தடித்த முளை அத்தட்டின் பிளவினுட் புகுந்து பூட்டிக்கொள்ளும். மோட்டார் வண்டியின் பின்னே சாயும் இழுவையின் வரலாற்றில் ஒரு படகு இடம்பெறுவது நம் கரையோருக்கு இனிக்கும் செய்தி. 1914 இல் அமெரிக்காவின் டிட்ராயிற் நகரில் ஓகஸ்ற் புறூகோப் என்னும் கொல்லர், மரவணிகர் ஒருவரின் படகைக் கொண்டுசெல்வதற்காக, போர்ட் மோட்டார் வண்டியின் பின்புறத்திற் சாயும் இழுவையொன்றைச் செய்து கொடுத்தார். பின்னர் அவர் பெயரால் எழுந்த தொழிலகம் இழுவை வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. இவ்வகையின் மிக நீண்ட வடிவங்களை மன்னாரும் கண்டது. தீவின் தென்கரையில் 2020 இல் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியிலுள்ள 30 சுழலிகளின் சுழல்வட்டம் ஒவ்வொன்றும் 126 மீற்றர் விட்டமுடையது. ஆகவே அலகு ஒவ்வொன்றும் 60 மீற்றரை விஞ்சும். அத்தகைய அலகை ஏற்றிய இழுவை திரும்புகையில் எவ்வளவு வெளி வேண்டுமென்பதைப் பார்த்தோர் அறிவர். அங்கு நீளமே பெருந்தொல்லை; பாரம் அன்று.

நம் ஊர்களில் நாள்தோறும் கணக்குப் பிழைப்பது உழவு இயந்திரப் பெட்டியில். இதற்கு ஒரு காரணம் யாம் பொருள்களை அளக்கும் முறை. மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். இது கொள்ளளவேயன்றி நிறையன்று. உலர்ந்த மணல் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ எனின், ஒரு கியூப் 4,500 கிலோவைத் தாண்டும். மழையில் நீரூறிய மணலைக் கன மீற்றருக்கு 1,900 எனக் கொண்டால் அதே கியூப் ஏறத்தாழ 5,380 கிலோ ஆகும். வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இரண்டும் ஒரு கியூப்தான். அச்சுக்கு மட்டும் வேறுபாடு தெரியும். கட்டுக்கரைக் குளத்தின்கீழ் விளையும் நெல்லிலும் இது உண்டு. புசல் ஒன்று 46 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ 21 கிலோ என்பது உலர்ந்த நெல்லின் கணக்கு. ஈரநெல் அக்கணக்கிற்குள் அடங்காது.

இப்போது அந்த மணலைக் கொளுக்கியில் வைத்துப் பார்ப்போம். உழவு இயந்திரம் 1,600 கிலோ நிறையுடையது; அதில் 560 கிலோ முன்சக்கரங்களில் நிற்கிறது; இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1.9 மீற்றர், கொளுக்கி பின்னச்சுக்குப் பின்னால் 0.7 மீற்றரில் உள்ளது எனக் கொள்க. பெட்டியின் தன்னிறை 800 கிலோ. உலர்மணல் ஒரு கியூப் ஏற்றினால் மொத்தம் 5,300. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு கொளுக்கியிற் சாயின் அது 636 கிலோ. கொளுக்கி பின்னச்சுக்கு அப்பால் நிற்பதனால், இப்பாரம் பின்னச்சையே ஊன்றுகோலாகக்கொண்டு முன்பக்கத்தை மேலே தூக்கும். தூக்கும் அளவு 636 ஐ 0.7 ஆற் பெருக்கி 1.9 ஆல் வகுக்கக் கிடைக்கும் 234 கிலோ. முன்சக்கரங்களில் எஞ்சுவது 326 கிலோ. உழவு இயந்திரம் சொற்படி திரும்புவதற்கு அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்னே இருத்தல் வேண்டுமென்பர். இங்கு அப்பங்கு 320 கிலோ. அதாவது உலர்மணலோடு நாம் எல்லையிலேயே நிற்கிறோம். ஈரமணலாயின் மொத்தம் 6,180, கொளுக்கியில் 742, முன்னே எஞ்சுவது 287. எல்லை கடந்தாயிற்று.

இது சமதரைக் கணக்கு. குளக்கட்டில் ஏறும்போதோ, கடற்கரை மணலிற் பெட்டி புதைந்து இயந்திரம் திணறும்போதோ இழுவிசையே முன்பக்கத்தை மேலும் உயர்த்தும். முன்சக்கரம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் செல்வதை வலிமையின் அடையாளமாகக் கருதும் இளைஞர் உளர். உண்மையில் அது கைத்திருப்பியைக் கையிழந்த நிலையாகும். இயந்திரம் இழுக்கிறது என்பது இங்குச் சான்றாகாது. இழுக்கமுடியாது நின்றுவிட்டால் தீங்கில்லை. இழுத்துக்கொண்டு போவதனால்தான் தீங்கு.

முன்பாரத்தின் கேடு இதுவாயின், பின்பாரத்தின் கேட்டைப் படகு இழுவையிற் காணலாம். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை போன்ற ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகள் வீதி வழியே கொண்டுசெல்லப்படுவதுண்டு. படகும் இழுவையுமாக 700 கிலோ, கொளுக்கியில் 70 கிலோ, பத்தில் ஒரு பங்கு, நல்லதே. இனி 75 கிலோ நிறையுள்ள வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றாமற் படகின் பின்னணியத்திலேயே விட்டுவிட்டார்கள் என்க. அது அச்சுக்குப் பின்னால் 2.5 மீற்றரிலும், கொளுக்கி அச்சுக்கு முன்னால் 4 மீற்றரிலும் இருப்பின், கொளுக்கியிலிருந்து 47 கிலோ குறைந்துவிடும். எஞ்சுவது 23, மொத்த நிறையில் நூற்றுக்கு மூன்றே.

இழுக்கும் வண்டிக்கு இது இலேசாகத் தோன்றும், சாரதி மகிழவுங்கூடும். ஆனால் இழுவையின் புவியீர்ப்பு மையம் பின்னோக்கிச் செல்லச் செல்ல, பக்கவாட்டு ஊசல் தணியாது வளரத் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர்த் தாம்போதி வீதியில் இருபுறமும் மறைப்பில்லை. சோளகம் வீசும் மாதங்களில் அங்குக் காற்று பக்கத்தே வந்து மோதும். 1990 இற் சிதைந்த பாலத்துக்கு ஈடாக 2010 இற் புதுப்பாலம் திறக்கப்பட்டபின் போக்குவரவு விரைவாயிற்று. அவ்விரைவில் காற்றின் ஒரு தள்ளலே ஊசலைத் தொடக்கப் போதும். ஊசல் தொடங்கியபின் இழுக்கும் வண்டியின் தடுப்பை வன்மையாக மிதிப்பது தவறு. பின்னுள்ள இழுவை முன்வண்டியைத் தள்ளி, மடக்குக்கத்தி மடிவதுபோல் இரண்டும் மடியும். விசைமிதியினின்று காலை எடுத்து, திருப்பியை நேரே பிடித்து, வேகம் தானாகக் குறையவிடுதலே தக்கது.

இயந்திரத்தைக் கழற்றி முன்வண்டியின் தட்டில் வைத்துவிட்டால் என்ன? ஊசல் அச்சம் நீங்கும். ஆனால் கணக்கு மறுபுறம் ஏறும். தட்டில் 75 கிலோ. கொளுக்கி 23 இலிருந்து மீண்டும் 70 ஆனதால் 47 கிலோ. 75 கிலோப் பொருளொன்றை இடமாற்றியதனால் முன்வண்டி சுமப்பது 122 கிலோ அதிகரிக்கிறது. பெரிய பிக்கப் வண்டிக்கு இது பொருட்டன்று. நம்மூரிற் பட்டா என வழங்கும் சிறு பாரவண்டிக்கு, முக்கால் தொன் அளவே ஏற்றத்தக்க அதற்கு, இது ஆறில் ஒரு பங்கு.

இனிப் பிக்கப் வண்டியின் கணக்கை முழுமையாக எழுதுவோம். ஏற்றிய நிலையில் வண்டி அடையத்தக்க மொத்த நிறை 2,900 கிலோ, வெறும் வண்டியின் தன்னிறை 1,950 கிலோ என்று தகட்டிற் கண்டால், ஏற்றத்தக்கது 950 கிலோ. இழுக்கத்தக்கது 3,500 கிலோ என விற்பனைத்தாள் கூறும். வாங்கியவன் 3,500 ஐ நினைவிற்கொண்டு 950 ஐ மறந்துவிடுகிறான். சாரதியுடன் மூவர் ஏறினர். தலைக்கு 65 கிலோவாக 195. எஞ்சியது 755. தட்டிற் பூட்டிய ஐந்தாம் சக்கர இணைப்பின் நிறை 80, எஞ்சியது 675. இழுவையின் நிறையில் ஐந்தில் ஒன்று முதுகில் ஏறுமாயின், 675 ஐ ஐந்தாற் பெருக்க 3,375 கிலோ இழுவையே கொள்ளும். தட்டில் 200 கிலோப் பனிக்கட்டிப் பெட்டிகளையும் வைத்தால் 475 மிஞ்சும். இழுவை 2,375 கிலோவுக்கு மேற்போகலாகாது. சாயும் பங்கு ஐந்தில் ஒன்றன்றி நான்கில் ஒன்றாயின் 1,900 கிலோ. இயந்திரத்தின் வலு சிறிதும் மாறாதிருக்க, பொருந்தும் இழுவை ஏறக்குறைய அரைப்பங்காகக் குறைந்துவிட்டமை காண்க.

கொளுக்கியின் இடமும் கணக்கிற் சேரும். ஐந்தாம் சக்கரம் பின்னச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ அமைவதனால் அதன் பாரம் அச்சில் நேரே இறங்கும். வண்டியின் வாற்புறத்துக் குண்டுக் கொளுக்கியோ அச்சுக்கு அப்பால் நிற்பது. அச்சுகளின் இடைத்தூரம் 3.1 மீற்றரும், கொளுக்கி பின்னச்சிலிருந்து 1.2 மீற்றரும் ஆயின், கொளுக்கியில் வைத்த 250 கிலோ முன்னச்சிலிருந்து 97 கிலோவைத் தூக்கிப் பின்னச்சில் 347 கிலோவாக இறங்கும். ஆதலால் மொத்த நிறை எல்லைக்குள் நின்றும் பின்னச்சு எல்லை கடத்தல் கூடும்.

டயரைப் பற்றி இரு சொல். டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்துள்ள எண் அது தாங்கும் பாரத்தைக் குறிக்கும் குறியீடு. 100 என்றிருந்தால் 800 கிலோ. அது முழுக்காற்று அடைத்த டயருக்கே உரியது. கடற்கரை மணலிற் புதையாதிருக்கக் காற்றைக் குறைப்பது நல்ல தந்திரம். ஆனால் அதே காற்றோடு தார்வீதியிற் பாரமேற்றி விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

எல்லாப் பாரங்களிலும் கணக்கிற்கு அடங்காதது மனிதப் பாரம். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்துக்கும், ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளிற் குடும்பங் குடும்பமாகச் செல்லும் வழக்கத்தை நம்மவர் அறிவர். மணல் வைத்த இடத்தில் இருக்கும், மனிதர் இரார். பத்துப்பேர், ஆளுக்கு 60 கிலோ, ஏதோ பார்ப்பதற்காகப் பெட்டியிற் பின்னோக்கி ஒரு மீற்றர் நகர்ந்தால், கொளுக்கி அச்சிலிருந்து 3.5 மீற்றரில் இருக்குமிடத்து 171 கிலோ முன்பாரம் ஒருங்கே மறையும். பெட்டி மூட்டை ஏற்றுதற்கென்று கணக்கிடப்பட்டது. அதிற் குழந்தைகளை ஏற்றுவதை எவ்வகையிலும் ஆதரிப்பதற்கில்லை என்பதே என் கருத்து.

கொளுக்கிப் பாரத்தை அளக்கப் பெருந்தராசு வேண்டியதில்லை. இழுவையிற் பாரத்தை ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துக் கழற்றுக. பாரம் சிறிதாயின் ஏர்க்காலின் நுனியைத் தராசிலேயே இறக்கலாம். வீட்டுத் தராசு 150 கிலோவுக்கு மேற் காட்டாதெனின், உறுதியான பலகையொன்றின் ஒரு முனையைத் தராசின்மேலும், மறுமுனையை அதே உயரத்துச் செங்கல்லின்மேலும், இடைவெளி 1.5 மீற்றராக வைக்க. செங்கல்லிலிருந்து அரை மீற்றரிற் கொளுக்கியைப் பலகையில் இறக்கினால், தராசு காட்டுவது உண்மைப் பாரத்தின் மூன்றிலொரு பங்கு. அதை மூன்றாற் பெருக்கிக்கொள்க. பலகையின் நிறையைத் தராசு முன்னரே காட்டியிருக்கும். அதைக் கழித்த பின்னரே பெருக்குதல் வேண்டும். கொளுக்கி வண்டியிற் பூட்டும்போது எந்த உயரத்தில் நிற்குமோ, அளக்கும்போதும் அதே உயரத்தில் நிற்கவேண்டும். தாழ்த்தி வைத்தால் தராசு மிகையாகக் காட்டும்.